நம்ம மலைக் கரடி எந்த இனம்?

கேள்வி: கோமுகி அணைக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. கடுக்காய் பொறுக்கப் போகிற மலைக்காரர்கள் கரடியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். டிவியில் ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கும் கரடி, மூங்கில் தின்னும் பாண்டா, நம்ம மலைக் கரடி எல்லாம் ஒன்றுதானா? கரடியைக் கண்டால் செத்தவன்போல் படுத்துவிட வேண்டும் என்கிறார் என் அப்பா. கையைத் தூக்கிக்கொண்டு கத்தி விரட்ட வேண்டும் என்று யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், கச்சிராயபாளையம்

பதில்: அப்பா சொல்வதைக் கேளுங்கள், ஒரு திருத்தத்தோடு. மகன் பார்த்த வீடியோ அநேகமாக அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றியது. அந்தக் கரடி பொதுவாகப் பயந்த சுபாவம். சத்தம் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். அதற்குச் சொன்ன வைத்தியத்தை நம் மலையில் செய்து பார்க்க முடியாது.

உலகில் இன்று இருப்பவை எட்டு இனங்கள். டிவியில் மீன் பிடித்தது பழுப்புக் கரடி. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றிலும் உண்டு. வடதுருவப் பக்கம் பனிக்கரடி. வட அமெரிக்காவில் மேலே சொன்ன கருங்கரடி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், கண்ணைச் சுற்றி வெளிர் வளையம் கொண்ட கண்ணாடிக் கரடி. சீனாவில் பாண்டா, இது கரடிதானா என்று அறிஞர்களே நெடுங்காலம் மல்லுக்கட்டி, மரபணுவைப் பார்த்த பிறகு கரடிதான் என்று ஒப்புக்கொண்டார்கள். (கோலா கரடி என்கிறோமே, அது கரடியே இல்லை. கங்காரு வகையறா.) மற்ற மூன்றும் ஆசியாவுக்கே உரியவை: ஆசியக் கருங்கரடி, எட்டிலும் சிறியதான சூரியக் கரடி, நம்முடைய தேன்கரடி.

இந்தியாவில் நான்கு இனங்கள் உள்ளன. பழுப்புக் கரடியும் ஆசியக் கருங்கரடியும் இமயமலைப் பக்கம், சூரியக் கரடி வடகிழக்கில். தமிழ்நாட்டில் கல்வராயன், ஜவ்வாது, முதுமலை, களக்காடு என்று எந்தக் காட்டில் கரடியைப் பார்த்தாலும் அது தேன்கரடிதான். இலங்கையின் வில்பத்து, யாலக் காடுகளில் இருப்பது இதன் கிளையினம்.

பெயர் தேன்கரடி என்றாலும் அதன் அன்றாடச் சாப்பாடு கரையானும் எறும்பும்தான். உடம்பே அதற்கென்று அமைந்தது. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. நீண்ட நகத்தால் புற்றைக் கிளறும், மண்ணை ஊதித் தள்ளும், மூக்குத் துளையை மூடிக்கொண்டு உதட்டைக் குவித்து அந்தப் பல் சந்து வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். நாவல், அத்தி, இலந்தை, கொன்றைப் பழம், இலுப்பைப் பூ எதையும் விடாது. எண்ணெயும் பிடிக்கும். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கோயிலுக்குள் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. சிவபூஜையில் கரடி அங்கே நிஜமாகவே நடக்கிறது!

இவ்வளவு பூச்சி தின்னும் பிராணி ஏன் மனிதன் மேல் பாய்கிறது? பசியால் அல்ல. புலியும் சிறுத்தையும் திரிந்த காட்டில் வளர்ந்த இனம் இது. ஓடித் தப்புவதைவிட எதிர்த்துப் பாய்வதே அதற்குக் கைகொடுத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். புற்றை உறிஞ்சும் மும்முரத்தில் ஆள் வருவதும் காதில் விழாது. திடீரென்று கிட்டத்தில் நம்மைக் கண்டதும் மிரண்டு முகத்திலும் தலையிலும் அடிக்கும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூன்று பேரைத் தாக்கியதும் இந்த இனம்தான். குட்டியோடு இருக்கும் தாய் இன்னும் மோசம். குட்டிகள் பெரும்பாலும் கார்த்திகையிலிருந்து தைக்குள் பிறக்கும். குகையை விட்டு வெளியே வந்தபின் பல மாதம் தாய் முதுகிலேயே சவாரி செய்யும். கரடி இனத்தில் இப்படிச் சுமக்கும் வழக்கம் இதற்கு மட்டும்தான்.

ஆகவே உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்: விடியற்காலையிலும் அந்தியிலும் காட்டுப் பக்கம் போக வேண்டாம், போனால் ஒற்றையாகப் போகாமல் பேசிக்கொண்டே போகட்டும். சத்தத்தின் பயன் இங்கேதான், அது நம்மைப் பார்ப்பதற்கு முன்பு. எதிரே வந்துவிட்டபின் கத்துவது, கல்லெறிவது எல்லாம் சீண்டல். தூரத்தில் இருந்தால் ஓடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓட்டத்தில் அதை ஜெயிக்க முடியாது, மரமும் ஏறும். பாய்ந்துவிட்டால்தான் அப்பாவின் யோசனை. அவர் சொல்லும் கதையில் மல்லாந்து படுப்பார்களோ என்னவோ, நீங்கள் குப்புறப் படுங்கள். முகத்தை மண்ணோடு அழுத்தி, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். நம்மால் ஆபத்தில்லை என்று தோன்றினால் பெரும்பாலும் விட்டுவிட்டுப் போய்விடும்.

கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாய்க்கடிக்குப் போடும் வெறிநோய்த் தடுப்பூசி இதற்கும் தேவை. வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள், நிவாரணத் தொகை உண்டு. திருவிழாக் கடையில் விற்கும் கரடி முடித் தாயத்தைக் குழந்தைக்குக் கட்டாதீர்கள்; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு இது, அதன் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம்.