அவையும் மறுப்புரையும்

நம் மன்றங்களில் தீர்மானம் ஒன்று படிக்கப்பட்டதும் பலர் கைதூக்குவர், ஐயமுற்றோர் வாளாவிருப்பர். பின்னர்த் தாழ்வாரத்தில் நின்று, ‘அது நியாயமன்று’ என்பர். யாமும் அவ்வாறு இருந்ததுண்டு. அவையில் மறுத்துரைப்பது ஒற்றுமைக்கு ஊறு என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் பொருந்துமா என ஆராய்வாம்.

திருநெல்வேலி மாவட்டத்து மானூரில், கி. பி. 800-ஐ ஒட்டிய காலத்துப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உளது. தம்முன் வரும் எதனையும் அன்று, அன்று என்றே தடுப்போரும், அவர்க்குத் துணைநிற்போரும், அங்ஙனம் தடுத்த காரியம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் இறுக்கவேண்டுமென அவ்வூர் மகாசபையார் விதித்தனர். இவ்விதி கண்டித்தது வீண் பிடிவாதத்தையே என்பது எம் கருத்து. காரணங்காட்டி மறுப்பது அதனின் வேறு.

அத்தகைய மறுப்பின் பயனைக் கிரேக்க நாட்டு வரலாற்றிற் காணலாம். துசிடிடீஸ் என்னும் ஆசிரியர் அதனை விரித்தெழுதியுள்ளார். தம்மை எதிர்த்துக் கிளர்ந்து தோற்ற மித்திலீனி நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்லவும், மகளிரையும் சிறாரையும் அடிமையாக்கவும், கி. மு. 427-இல் ஏதென்ஸ் சபையார் வெகுளியால் தீர்மானித்துக் கப்பலும் விடுத்தனர். மறுநாள் உள்ளம் வருந்தி மீண்டுங் கூடினர். முடிந்ததை மாற்றலாகாதென்று கிளியோன் வாதித்தான். தியோதோத்தன் எழுந்து, விரைவும் வெகுளியும் நல்லாராய்ச்சிக்குப் பகை என்றான். மாற்றாரை அச்சுறுத்தாது நேர்வாதத்தால் வெல்லுதலே நற்குடிமகன் கடன் என்றான். குற்றமற்ற பொதுமக்களையும் கொல்வது ஏதென்ஸுக்கே கேடாமென விளக்கினான். ஏறக்குறைய ஒத்துநின்ற வாக்குகளில் அவன் பக்கமே விஞ்சிற்று. ஏறத்தாழ ஒரு பகலும் ஓரிரவும் பிந்திப் புறப்பட்ட இரண்டாங் கப்பலோர், உண்ணும்போதும் துடுப்பை விடாது விரைந்து, கொலையாணை நிறைவேறுமுன் நகரை அடைந்தனர். கிளர்ச்சிக்குத் தலைநின்ற ஆயிரவர்க்கு மேற்பட்டோர் பின்னர்க் கொல்லப்பட்டனர் என்பது துயரமே. எனினும் ஏனையோர் உயிர் பிழைத்தனர். முதல்நாள் தீர்மானமே இறுதியாயிருப்பின், அவருள் ஆடவர் ஒருவரும் எஞ்சியிரார்.

நிற்க. வள்ளுவர் அவையறிதலை அடுத்து அவையஞ்சாமையை வைத்தார். ஆயினும் கடமை பேசுவோனுடையது மட்டுமன்று. கைகளை எண்ணுமுன், மாற்றுரை உண்டோவென அக்கிராசனர் வினவுதல் வேண்டும். எவர்மீது முடிவு செய்யப்படுகின்றதோ, அவர் சொல்லையும் சபை கேட்டல் வேண்டும். கேட்போர், பேசுபவன் தம் நண்பனோ அல்லனோ என நோக்காது, அவன் காட்டும் காரணத்தையே நோக்குதல் வேண்டும்.

அன்பர்காள்! அடுத்த கூட்டத்தில் நமக்கு ஐயம் எழுமாயின், அதனைத் தாழ்வாரத்திற்குக் கொண்டு செல்லாது, அவையிலேயே பணிவுடன் எழுந்து உரைப்போமாக.