ட்யூப் போட்டால் கிராக் அடைபடாது, தம்பி



நீ ஒரு வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த இரண்டு பக்க ரிப்போர்ட் சுற்றி வளைத்து என் பட்டறைக்கு வந்துவிட்டது. முன்பக்க இடது சக்கரம், 17 இஞ்ச் அலாய், உள்விளிம்பில் கிராக். “இன்னொருத்தர் கண்ணும் பார்த்தால் திருப்தி” என்று வண்டியோடு வந்து நின்றார் மனிதர். அவரைத் தப்பாக நினைக்காதே. சக்கர விஷயத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஒரு வரிக்காக உனக்குத் தங்க மோதிரமே போடலாம். “பேலன்சிங் மிஷின் உள்பக்கம் ஒரே இடத்தில் அதிக வெயிட் கேட்டது, அதனால் டயரைக் கழற்றிப் பார்த்தேன்” என்று எழுதியிருக்கிறாய். மிஷின் கேட்ட இடத்தில் கேட்ட வெயிட்டை ஒட்டிவிட்டு பில் போடுவதுதான் இன்று ஊர் வழக்கம். ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் யோசிக்கிற ஆள் இந்தத் தொழிலில் எத்தனை பேர்? தினமும் காற்று இறங்குகிறது என்று வந்த வண்டிக்கு வால்வை மாற்றி அனுப்பாமல், நீ உள்ளே போய்ப் பார்த்தாயே, அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். “ஆர்கான் வெல்டிங் செய்து, ட்யூப் போட்டு, நகரத்துக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம்.” சந்தோஷமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ட்யூபை எடுத்துக்கொள்வோம். நான் தொழில் கற்றபோது அம்பாசிடரும் பத்மினியும்தான். எல்லாம் ஸ்டீல் ரிம், எல்லாவற்றிலும் ட்யூப். பள்ளத்தில் விழுந்தால் பித்தளைக் குடம் மாதிரி நசுங்கும். சுத்தியலால் பெண்டு எடுத்து மாட்டிவிடுவோம். என் மேஸ்திரி மட்டும் ஒவ்வொரு ரிம்மையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்களுக்கு எரிச்சலாக வரும், டீ ஆறிப்போகும். “ரிம்மு கிழிஞ்சிருந்தாலும் ட்யூப் சொல்லாதுடா, அது பாட்டுக்குக் காத்தைப் புடிச்சு வச்சுக்கும்” என்பார். ட்யூப்லெஸ் வந்தபிறகு நமக்குக் கிடைத்த பெரிய லாபமே இதுதான்: ரிம்மில் மயிரிழை கிராக் விழுந்தாலும் காற்று இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நீ அதற்குள் ட்யூபைத் திணித்தால் கிராக் அப்படியே இருக்கும், தகவல் மட்டும் நின்றுபோகும். காற்று நிற்கிறதே என்று அவர் குடும்பத்தோடு பெங்களூர் கிளம்பிவிடுவார். அப்புறம் நகரத்துக்குள் மட்டும் என்று நீ எழுதினதை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

அந்த ‘நகரத்துக்குள்’ என்பதும் எனக்கு விளங்கவில்லை. பள்ளமும் ஸ்பீடு பிரேக்கரும் எங்கே அதிகம்? கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிராக் விழுந்த இடம் வண்டியின் பாரத்தை ஒரு தடவை வாங்கி விடுகிறது. இருபது கிலோமீட்டர் ஆபீஸ் போய்வந்தால் பத்தாயிரம் தடவை. கிராக் வளர்வதற்கு ஹைவே தேவையில்லை.

வெல்டிங் பற்றி நீ படித்தவன், உனக்கே தெரியும். ஆனாலும் எழுதிவிட்டாய், அதனால் சொல்கிறேன். இந்த வீல்கள் பெரும்பாலும் சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியம். வார்த்தபின் 540 டிகிரி பக்கத்தில் சூடேற்றி, தண்ணீரில் முக்கி, மறுபடி 150 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். அதன் பலம் அந்தச் சூட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டிங் டார்ச் பட்ட இடத்தைச் சுற்றிலும் அந்தப் பக்குவம் போய்விடும். வெல்டிங் தையல் கெட்டியாக நிற்கும். பக்கத்து உலோகம் இளகிக் கிடக்கும். அடுத்த கிராக் அங்கேதான் ஆரம்பிக்கும். வெளிநாட்டில் செய்கிறார்களே என்பாய். செய்யட்டும்.

இன்னொன்று. ஆறு போட்டோ இணைத்திருக்கிறாய், ஆறும் வெளிப்பக்கம். பளபள என்று கல்யாண ஆல்பம்தான். ஸ்போக்குகள் வெளிமுகத்தோடு சேர்ந்திருப்பதால் அந்தப் பக்கம் தாங்கிக்கொள்ளும். தாங்க ஆளில்லாமல் நிற்பது உள்விளிம்பு, அடி அங்கேதான் விழுகிறது. நீ சோப்புத் தண்ணீரில் கண்டுபிடித்துக் கண்ணால் அளந்தது நாலு சென்டிமீட்டர். நான் பிரேக் கிளீனரால் துடைத்து, சிவப்பு டை அடித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தேன். வெள்ளையில் சிவப்பு நூல் மாதிரி ஊறி வந்தது. ஏழு சென்டிமீட்டர், ரிம்மின் நடுப்பள்ளம் வரைக்கும். மூன்று சென்டிமீட்டர் உன் ரிப்போர்ட்டில் இல்லவே இல்லை. டை, டெவலப்பர் இரண்டையும் முதலில் வாங்கு. பெண்டு எடுத்த வீலுக்கும் எடுத்தபிறகு ஒருமுறை அடித்துப் பார்.

இந்தக் கிராக் ஏன் விழுந்தது என்று பார்த்தாயா? அவருடைய காருக்கு கம்பெனி கொடுத்தது 185/65, 15 இஞ்ச். மாற்றியிருப்பது 205/45, 17 இஞ்ச். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். டயரின் சைடுவால் மட்டும் 120 மில்லிமீட்டரிலிருந்து 92 ஆகிவிட்டது. பள்ளத்தில் அடிவாங்கிக்கொள்ள ரப்பர் இருந்த இடத்தில் இப்போது அலுமினியம் இருக்கிறது. வீல் விற்கிற ஜி.பி. ரோடு கடைக் கண்ணாடியில் அழகாகத்தான் தெரியும். மழை முடிந்த மறுநாள் நம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல். இதை நான் இருக்கிறவரைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன், யார் சிரித்தாலும் சரி. உன் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏன் உடைந்தது என்று சொல்லாவிட்டால் அடுத்த வீலும் உடையும், அவரும் வீல் சரியில்லை என்பார்.

பழைய 15 இஞ்ச் ரிம் நாலும் வீட்டு மொட்டை மாடியில் கிடக்கிறதாம். கொண்டுவரச் சொல்லிவிட்டேன். கிராக் விழுந்த வீலை யாரும் பெயின்ட் அடித்து விற்றுவிடாதபடி, அவர் முன்னாலேயே குறுக்கே அறுத்து அலுமினியக் கடைக்கு எடைக்குப் போட்டாயிற்று. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்த இரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ‘இந்த வீல் ஓட்டத் தகுதியில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அவருக்கு இந்த வாரமே அனுப்பு.