கேமரா கம்பெனி மாறலாமா? முதலில் பையைத் திறந்து பாருங்கள்

கல்யாண சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஸ்டூடியோக்காரர்கள் கூடுகிற இடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "கேனானை விட்டுட்டு சோனிக்குப் போயிடலாமா?" நிக்கான் வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள்.

கேள்வி இப்போது இவ்வளவு பலமாக எழக் காரணம் உண்டு. நிக்கான் 1959-இல் கொண்டுவந்த எஃப் மவுண்டை அறுபது ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது. கேனான் 1987-இல் இஎஃப் மவுண்டுக்கு வந்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதிலேயே நின்றது. 2018-இல் இரண்டு கம்பெனிகளும் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்காகப் புது மவுண்டுக்குப் போயின. கேனானுக்கு ஆர்எஃப், நிக்கானுக்கு இசட். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் அதே கம்பெனியில் இருந்தாலும் மவுண்ட் மாறித்தான் ஆகவேண்டும். "எப்படியும் மாறத்தானே போறோம், கம்பெனியையும் சேர்த்தே மாத்திட்டா என்ன?" என்று தோன்றுவது இயல்பு.

கணக்கு தப்புவது அங்கேதான். ஒரே கம்பெனிக்குள் மவுண்ட் மாறினால் பழைய லென்ஸ்களில் பெரும்பாலானவை ஓர் அடாப்டரோடு உங்களுடனேயே வந்துவிடும். கம்பெனி மாறினால் அவை செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போகும். என்னைக் கேட்டால், நல்ல லென்ஸ்கள் சேர்த்துவிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு மாறவேண்டிய அவசியம் இல்லை. மாறியே ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தயங்கினால் அதுவும் நஷ்டம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கீழே உள்ளவற்றை வைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

பையில் இருப்பதை எல்லாம் மேசைமேல் எடுத்து வையுங்கள். பாடியும் லென்ஸும் மட்டும் போதாது. ஃப்ளாஷ், ட்ரிகர், பேட்டரி, சார்ஜர், மெமரி கார்டு என்று அத்தனையும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய செகண்ட் ஹேண்ட் விலையை எழுதுங்கள். வாங்கிய விலையை எழுதாதீர்கள், அது மனதைக் குழப்பும். உதாரணத்துக்கு, ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய மூன்று லென்ஸ்களுக்குக் கடைக்காரர் 60,000 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையைச் செய்யும் மூன்று லென்ஸ்களைப் புது மவுண்டில் வாங்க இரண்டரை லட்சம் ஆகிறது என்றால், உங்கள் மாற்றத்தின் விலை 1,90,000 ரூபாய். பாடியின் விலை இதில் சேரவே இல்லை.

சின்னச் சாமான்களிலும் பணம் கரையும். கேனான் ஃப்ளாஷை நிக்கான் பாடியில் மாட்டினால் நடுப் புள்ளி வழியே வெளிச்சம் அடிக்கும், ஆனால் டிடிஎல் வராது. கோடாக்ஸ் ஏடி200 போன்ற தனி லைட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ட்ரிகரை மட்டும் மாற்றினால் போதும். நிக்கானின் இஎன்-இஎல்15 வகை பேட்டரி 2010-இல் டி7000-உடன் வந்தது. அதே குடும்பம் இசட்6 வரிசையிலும் ஓடுகிறது. கேனானின் எல்பி-இ6 குடும்பம் 2008-இல் 5டி மார்க் 2-உடன் வந்து மிரர்லெஸ் ஆர்6 வரை தொடர்ந்தது. பழைய பேட்டரியில் சில வசதிகள் குறையலாம், ஆனாலும் அவசரத்துக்கு உதவும். கார்டு விஷயத்திலும் கவனம் தேவை. சோனியின் சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ வேறு, நிக்கானும் கேனானும் போடும் டைப் பி வேறு. ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் போட முடியாது.

இப்போதைய கேமராவின் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "பழசாகிவிட்டது" என்பது குறை அல்ல. "இருட்டு மண்டபத்தில் ஃபோகஸ் தப்புகிறது" என்பது குறை.

தாலி கட்டும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் கை மணப்பெண்ணின் கழுத்தைச் சுற்றிப் போகிறது. நாத்தனார் பின்னாலிருந்து முடிச்சுப் போடக் கை நீட்டுகிறார். வீடியோக்காரரின் லைட் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிக்கிறது. மணப்பெண்ணின் முகம் ஃப்ரேமின் ஓரத்தில் இருக்கிறது. கேனான் 6டி-இல் மொத்தம் 11 ஃபோகஸ் புள்ளிகள். அவற்றில் நடுப் புள்ளி மட்டுமே கிராஸ் வகை. நிக்கான் டி750-இல் 51 இருந்தும் எல்லாம் நடுவில் நெருங்கிக் கிடக்கும். ஆகவே நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்து ஃப்ரேமை நகர்த்துவீர்கள். அதற்குள் பெண் தலை குனிந்துவிடுவாள். ஆல்பத்தில் மாப்பிள்ளையின் கை ஷார்ப்பாக இருக்கும், பெண்ணின் கண் இருக்காது.

இந்தக் குறை உண்மையானது, வேதனையானதும்கூட. ஆனால் இது டிஎஸ்எல்ஆரின் குறை. கண்ணைத் தேடிப் பிடித்து, ஃப்ரேமின் ஓரம் வரை தொடரும் ஃபோகஸ் இன்று கேனான் ஆர்6 மார்க் 2-லும் இருக்கிறது, நிக்கான் இசட்6 3-லும் இருக்கிறது, சோனி ஏ7 4-லும் இருக்கிறது. அதற்காக நீங்கள் மிரர்லெஸ்ஸுக்குப் போகவேண்டும், கம்பெனி மாறவேண்டியதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள்.

எந்த லென்ஸுக்காகப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறுவதற்கு நேர்மையான காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சோனி 2010-இல் இ மவுண்டைக் கொண்டுவந்து, அடுத்த ஆண்டே அதன் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் தயாரிப்பாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலனாக டாம்ரானும் சிக்மாவும் நல்ல லென்ஸ்களைக் குறைந்த விலையில் கொண்டுவந்து குவித்தன. 2018-இல் வந்த டாம்ரான் 28-75 எஃப்2.8 எத்தனையோ கல்யாண ஃபோட்டோகிராஃபர்களுக்குச் சோறு போட்டது. கேனான் தன் ஆர்எஃப் மவுண்டில் வெளியாரின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைப் பல ஆண்டுகள் உள்ளே விடவில்லை. 2024-இல்தான் சிக்மாவும் டாம்ரானும் அனுமதியோடு நுழைந்தன, அதுவும் கிராப் சென்சாருக்கான லென்ஸ்களோடு. எஃப்2.8 ஜூம் அவசியம், கேனானின் எல் லென்ஸ் விலை தாங்காது என்ற நிலையில் இருந்தவர் சோனிக்குப் போனதில் நியாயம் இருந்தது.

பறவை எடுப்பவர்கள் கதையும் இதுதான். சோனியின் 200-600 2019-இல் வந்துவிட்டது. நிக்கான் இசட் மவுண்டில் அதற்கு இணையான 180-600-க்கு 2023 வரை காத்திருக்கவேண்டி இருந்தது. அந்த இடைவெளியில் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ போகிற ஒருவர் நிக்கானிலிருந்து மாறியிருந்தால் அவரைக் குறை சொல்லமாட்டேன். இன்று அதே காரணத்தைச் சொல்லி மாற நினைப்பவர் லென்ஸ் பட்டியலை மறுபடி ஒருமுறை பார்க்கவேண்டும்.

அடாப்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி நிற்கும். இஎஃப்-இல் அந்தத் தூரம் 44 மில்லிமீட்டர், நிக்கான் எஃப்-இல் 46.5. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது, அதனால் ஆர்எஃப்-இல் 20, சோனி இ-இல் 18, இசட்-இல் 16 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது. மிச்சமாகும் இடைவெளியை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, மின் இணைப்பு மட்டும். அதனால் படத்தின் தரம் குறையாது. ஆர்எஃப் பாடியில் கேனானின் சொந்த அடாப்டரோடு இஎஃப் லென்ஸ்கள் அருமையாக ஓடுகின்றன. அதே லென்ஸை வேறு கம்பெனி பாடியில் மாட்டும் அடாப்டர்களும் உண்டு. ஆனால் முகூர்த்த நேரத்தில் அவற்றை நம்பி நிற்காதீர்கள்.

நிக்கான்காரர்கள் லென்ஸைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும். உலோக வளையத்தில் ஸ்க்ரூ தலையைப் போல ஒரு சின்னக் கீறல் தெரிந்தால் அது ஏஎஃப்-டி வகை. 50 எஃப்1.8டி, 80-200 எஃப்2.8டி எல்லாம் அந்த ரகம். பாடிக்குள் இருக்கும் மோட்டார்தான் அந்தக் கீறலைத் திருகி ஃபோகஸ் செய்யும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது, ஆகவே கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். உங்கள் லென்ஸ்கள் எல்லாம் இந்த ரகம் என்றால், நிக்கானிலேயே இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

வாடகைக்கு எடுத்து ஒரு முழு நிகழ்ச்சி எடுங்கள். கடையில் ஐந்து நிமிடம் பிடித்துப் பார்ப்பது போதாது. நிச்சயதார்த்தம், வளைகாப்பு மாதிரி ஏதாவது ஒன்றில் இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூம் வளையம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கவனியுங்கள். கேனானுக்கும் நிக்கானுக்கும் அது நேர் எதிர். பல வருடம் பழகிய கை அவசரத்தில் பழைய பக்கமே திருப்பும். சைலன்ட் ஷட்டரைப் போட்டு மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

கூட வேலை செய்கிறவர்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரிய கல்யாணம் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகிற தொழில் இது. லென்ஸ் கைமாறும், பேட்டரி கைமாறும். நண்பர்கள் எல்லாம் கேனான் என்றால், தனியாக வேறு கம்பெனிக்குப் போகிறவர் இந்த உதவியை இழக்கிறார்.

உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, அங்கேயே சரிசெய்கிறார்களா, இல்லை வாங்கிவைத்துக் கூரியரில் வெளியூருக்கு அனுப்புகிறார்களா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

புது பாடி அறிவிப்பு வந்த வாரத்தில் முடிவெடுக்காதீர்கள். 2018-இல் ஏ7 3 வந்தபோது சோனிதான் எல்லாம் என்றார்கள். 2020-இல் ஆர்5-உம் ஆர்6-உம் வந்ததும் பேச்சு கேனான் பக்கம் போனது. 2023-இல் நிக்கான் இசட்8. இந்த வரிசை நிற்காது. பாடிக்காக மாறுகிறவர் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கவேண்டும்.

"கேனான் கலர்" என்ற ஒன்றுக்காக மட்டும் போகாதீர்கள், அதற்காக மட்டும் நிற்கவும் செய்யாதீர்கள். ரா-வில் எடுத்து எடிட் செய்கிறவருக்குத் தோல் நிறம் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் ஜேபெக்-கில் எடுத்து அப்படியே ஆல்பம் லேபுக்கு அனுப்பும் ட்ரெடிஷனல் ஃபோட்டோகிராஃபருக்கு இது பெரிய விஷயம். மஞ்சள் பூசிய முகம், அரக்குப் பட்டு, மேடையின் ஊதா லைட் எல்லாம் சேர்ந்த ஃப்ரேமில் ஒவ்வொரு கம்பெனியும் வேறு மாதிரி நிறம் தரும். அவர் மாறுவதற்கு முன் பிரின்ட் போட்டுப் பார்க்கட்டும்.

கிட் லென்ஸும் ஒரு 50-உம் மட்டும் வைத்துக்கொண்டு கம்பெனி விசுவாசம் பேசாதீர்கள். உங்களுக்கு மாறுவதில் நஷ்டமே கிடையாது. கேனான் 1500டி-யோடு 18-55 மட்டும் வைத்திருப்பவர் கடையில் முதன்முதலாகக் கேமரா வாங்க வந்தவரைப் போலவே சுதந்திரமானவர். அடுத்த ஐந்தாண்டுகளில் வேண்டிய லென்ஸ்கள் எந்தக் கம்பெனியில் உங்கள் பட்ஜெட்டுக்குள் இருக்கின்றன என்று பார்த்து, தாராளமாகப் போங்கள். இப்போது தயங்கி, நாலு லென்ஸ் வாங்கியபிறகு மாறினால்தான் வலிக்கும்.

கம்பெனி மூடிவிடும் என்ற பயத்தில் ஓடாதீர்கள். சாம்சங் தன் என்எக்ஸ் வரிசையை நிறுத்தியது உண்மைதான். ஒலிம்பஸ் கேமராத் தொழிலை விற்றது, 2021-இலிருந்து அது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ். அந்த மவுண்டுக்குப் புது பாடிகளும் லென்ஸ்களும் அதன் பிறகும் வந்தன. பெரிய கம்பெனி என்பதால் எல்லாம் நிலைக்கும் என்றும் இல்லை. கேனான் 2012-இல் தொடங்கிய இஎஃப்-எம் மிரர்லெஸ் வரிசையைத் தானே கைவிட்டது. அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் மாட்டவும் வழியில்லை. கம்பெனியின் பெயரைவிட, உங்கள் மவுண்டுக்குக் கடந்த இரண்டு வருடங்களில் புது லென்ஸ் வந்திருக்கிறதா என்பதே நம்பத் தகுந்த அடையாளம்.

பத்தாயிரம் குறைகிறதே என்று பில் இல்லாத பாடியை வாங்காதீர்கள். இங்கே அதிகாரபூர்வமாக விற்கப்படாத கேமராவுக்குப் பொதுவாக இங்கே வாரன்ட்டி கிடையாது. ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டூடியோ என்றால், பில்லை விட்டால் கேமராமேல் கட்டும் 18 சதவீத வரியைத் திரும்ப எடுக்கும் வழியும் போய்விடும்.

இரண்டு கம்பெனியையும் காலவரையின்றி வைத்துக்கொள்ளாதீர்கள். பாதி லென்ஸ் இதில், பாதி லென்ஸ் அதில் என்று இருந்தால் ஒரு பாடி மக்கர் செய்யும்போது மற்றது உதவாது.

சீசன் நடுவில் மாறவே மாறாதீர்கள். ஆனி முகூர்த்தங்கள் முடிந்து ஆடி பிறக்கும்போது புது பாடியை வாங்குங்கள். அந்த ஒரு மாதம் கை பழகுவதற்கு. சர்ச் கல்யாணங்கள் அதிகம் எடுப்பவர்களுக்குத் தவக்காலம், நிக்காஹ் எடுப்பவர்களுக்கு ரமலான் மாதம். பட்டன்களை உங்களுக்கு ஏற்றபடி அமைத்து, வீட்டுப் பிள்ளைகளை ஓடவிட்டு எடுத்து, ரா ஃபைலை உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேரின் இப்போதைய பதிப்பு திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் புது பாடியோடு போங்கள், பழைய பாடியும் அதற்கான ஒரு நல்ல ஜூமும் பையில் இருக்கட்டும். புரட்டாசி வந்ததும் பழையதை விற்பனைக்குப் போடலாம்.