குளத்து நீரில் வாழும் ஓரணு உயிர்கள்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கு மேற்கேயுள்ள தெப்பக்குளத்திலோ, அதன் தெற்கேயுள்ள சித்திரக்குளத்திலோ, அடையாற்றங்கரைப் பள்ளங்களில் தேங்கிய நீரிலோ ஒரு சொட்டு எடுத்து நுண்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால், அதில் ஓர் ஊரே நடமாடுவதைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு எல்லாப் பச்சை நீரும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் மாட்டுக்கு ஊறு செய்யாத பச்சையும் உண்டு. மாட்டைக் கொல்லும் பச்சையும் உண்டு. ஆதலின் இவ்வுயிர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறிவது நமக்குப் பயன் தருவதாகும்.

இவற்றை முதன்முதலிற் கண்டு எழுதியவர் நெசவுத் தொழிலுக்கு முற்றும் அயலார் அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ப்ட் நகரில் துணி வாணிகம் செய்த லீவன்ஹூக் என்பவர் அவர். நூலின் தரம் பார்க்கத் துணி வணிகர் பூதக்கண்ணாடி வைத்திருப்பது அக்கால வழக்கம். அவர் தாமே தேய்த்தமைத்த வில்லையால் ஓர் ஏரியின் நீரை நோக்கி, தாம் கண்டவற்றை 1674-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார்.

அளவுக்கு நாமும் பஞ்சையே கோலாகக் கொள்வோம். தனிப் பருத்தி இழையின் அகலம் ஏறக்குறைய 0.015 மில்லிமீட்டர். பெரிய அமீபா ஒன்று அத்தகைய முப்பது இழைகளை அடுக்கிய அகலம் இருக்கும். அதற்கு நிலையான உருவம் இல்லை. உடலின் ஒரு பக்கத்தைக் கால்போல் நீட்டி நகர்ந்து, இரையைச் சூழ்ந்து விழுங்கும். இந்தப் பெரிய அமீபா சாதுவானது. சீதபேதி தரும் அமீபா வேறு இனம். மனித மலத்தால் நீரில் கலப்பது. நீரைக் கொதிக்கவைத்தால் அழியும்.

பாரமீசியம் பதினைந்து இழை நீளமுள்ளது. செருப்பின் அடிபோன்ற வடிவினது. உடலெங்கும் உள்ள நுண்மயிர்களைத் துடுப்பாக அசைத்து, சுழன்று விரையும். அழுகிய பொருளில் பெருகும் பாக்டீரியாக்களே அதன் உணவு. வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் சிறிது குளத்து நீரை ஊற்றி வைத்தால், சில நாட்களில் வெண்புள்ளிகளாக இவை திரிவதைக் காணலாம். கஞ்சித் தண்ணீர் விடப்பட்ட குட்டையில் இவை மலிவதன் காரணமும் இதுவே.

யூக்ளினா மூன்று இழை நீளமே உள்ளது. இதனை விலங்கென்பதா, தாவரமென்பதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். பச்சையம் இருத்தலால் வெயிலில் தானே உணவு சமைக்கும். சாட்டைபோன்ற ஓர் இழையால் நீந்தவும் செய்யும். சாணமும் சாக்கடையும் கலந்த நீரில் இது மிகும்.

நான்காவதே நாம் அஞ்ச வேண்டியது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் இந்த நீலப்பச்சைப் பாசி, பெயரளவிற்பாசி. உட்கரு இல்லாததால் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஓர் அணு இழையின் அகலத்தில் மூன்றிலொரு பங்கே எனினும், பசையால் பிணைந்து கூட்டங் கூட்டமாக வாழும். உள்ளே காற்றறைகள் இருத்தலால் மேலே மிதந்து, காற்றடிக்கும் திசையிலுள்ள கரையில் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் ஒதுங்கும். வடிகாலற்று, சோப்பும் கழிவும் சேரும் குளம் இதற்கு ஏற்ற இடம். எஸ். வி. கணபதி என்பார் 1940-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதிய ஆய்வு, இப்பாசி நிலையாகப் பெருகியிருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றியதே.

பகலில் பிராணவாயுவை வெளிவிடும் இப்பாசிப் பெருக்கம், இரவில் அதனை உட்கொள்ளும். விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனாலேயே. மேலும் இதன் வகைகள் பல கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு போகாது. குடிநீரில் அந்நஞ்சின் முக்கிய வகைக்கு, லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்னும் வரம்பை உலக சுகாதார நிறுவனம் 1998-இல் வகுத்தது. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நீலப்பச்சைப் பாசி யாவும் பகையென விவசாய அங்கத்தினர்கள் கருதலாகாது. சில இனங்கள் நெல்வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதைப் பி. கே. டே 1939-இல் விளக்கினார். மைக்ரோசிஸ்டிஸ் அவ்வுதவியும் செய்வதில்லை.

நுண்பெருக்கி இல்லாதார் ஒரு கண்ணாடிச் சீசாவில் முக்கால் பங்கு குளத்து நீர் நிரப்பி, ஓர் இரவு அசையாது வைக்கவும். பச்சை மேலே ஏடுபோல் படிந்தால் மைக்ரோசிஸ்டிஸ் என ஐயுறலாம். அடியிலே தங்கினால் பெரும்பாலும் வேறு பாசி. யூக்ளினாவும் மேலே வரக்கூடும். எனவே சீசாவைக் கறுப்புத் தாளால் சுற்றி, ஒரு பக்கம் மட்டும் சிறு பிளவு விட்டுப் பகல் ஒளியில் வைத்தால், யூக்ளினா அப்பிளவருகே திரளும்.

ஐயமுள்ள குளத்தில் மாடுகளை நீர் குடிக்க விடலாகாது. ஏடு ஒதுங்கிய கரையில் ஆபத்து மிகுதி. பாசியைக் கொல்ல மயில்துத்தம் கொட்டுவோரும் உண்டு. அணுக்கள் உடைந்து நஞ்சு முழுவதும் ஒருங்கே நீரில் கலக்குமாதலால், அவ்வாறு செய்த குளத்து நீரை, தெளிந்து காணினும், பல நாட்கள் தொடாதிருப்பதே நன்று.