பொறியியலும் உயிரணுவும்

கேள்வி: இரசாயனப் பொறியியல் பயின்ற என் மகன் மூலக்கூறு உயிரணுவியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற விரும்புகிறான். கற்ற பொறியியல் வீணாகிவிடாதா? — ஒரு வாசகி

பதில்: வீணாகாது, அம்மா. 1992-இல் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில், மார்ட்டின் சால்ஃபியின் ஆய்வகத்துக்குக் குறுகிய காலப் பயிற்சிக்கென வந்த கியா யூஸ்கிர்ஷன் என்னும் மாணவி, இரசாயனப் பொறியியல் ஆய்வகத்தில் பழகியவர். டக்ளஸ் பிராஷர் என்னும் ஆய்வாளர் அனுப்பியிருந்த ஜெல்லிமீன் மரபணுவிலிருந்து, பச்சை ஒளிர் புரதத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் பெருக்கிப் பாக்டீரியாவினுள் புகுத்தி, அது ஒளிர்வதைத் தம் பழைய ஆய்வகத்து நுண்ணோக்கியிலேயே கண்டார். உயிரணுவைக் கொல்லாமலே, அதனுள் ஒரு புரதம் எங்கே தோன்றி எவ்விதம் சஞ்சரிக்கிறது என்று பிரத்தியட்சமாகக் காணும் மார்க்கம் இதனால் திறந்தது. 1994-இல் இதுபற்றிய கட்டுரை வெளியாயிற்று. 2008-இல் சால்ஃபிக்கும், இப்புரதத்தை ஆராய்ந்த மற்ற இருவரான ஷிமோமுராவுக்கும், ரோஜர் சியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாணவியின் பங்கு இன்னும் பரவலாகப் பேசப்படவேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். தங்கள் மகன் உயிரியலை அடிப்படையிலிருந்து சிரத்தையுடன் கற்கட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு மூன்று ஆய்வகங்களிலேனும் சிலகாலம் இருந்து பார்க்கட்டும். மனமுவந்து அனுப்பி வையுங்கள்.