மண்வெட்டிப் பிடியும் மரத்தின் ஈரமும்

பச்சை மரத்திற் செதுக்கிய பிடி சில வாரங்களிற் சுருங்கிவிடும். மண்வெட்டி ஆடும், ஓங்கி வெட்டும்போது கழன்று காலிற் படுதலும் உண்டு. குற்றம் கொல்லருடையதன்று, மரத்திலிருந்த நீருடையது.

ஒரே மரத்தில் ஈரம் எங்கும் ஒரேயளவினதன்று. வேலியோரப் பூவரசை வெட்டிப் பார்த்தால், வெளிறிய புறப்பகுதியும் கரும்பழுப்பு வைரமும் தெளிவாகத் தெரியும். வேர் நீரை மேலே கொண்டுசெல்வது வெளிறே. ஆயினும் வைரம் எப்போதும் உலர்ந்திருக்கும் என எண்ணலாகாது. சில வன்மரங்களில் வைரமே கூடிய ஈரமுடையது. வெளிற்றில் மாப்பொருள் இருத்தலால் அது விரைவில் உளுத்துப்போகும்.

800 கிராம் துண்டொன்று முற்றாக உலர்ந்தபின் 500 கிராம் நிறுப்பின், போன நீர் 300 கிராம்; ஈரம் 60 வீதம். ஏறத்தாழ 30 வீதத்திற்கு இறங்கும்வரை மரம் பெரும்பாலும் சுருங்காது. அதன்பின் வளையத்தின் போக்கிற் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. நட்டநடுவை உள்ளடக்கிய தடி வெடிப்பது இதனாலேயே. சாய்ந்த கொம்பின் மேற்புறமோ நீளத்திலும் சுருங்குவதால், பிடி வளையும்.

ஆகவே, நேராக நின்ற அடிமரத்தைப் பிளந்து, நடுவையும் வெளிற்றையும் நீக்குக. வெட்டுமுகங்களிலேயே நீர் மிக விரைவில் வெளியேறும்; அவற்றிற்குத் தார் பூசுக. நிலத்திற் படாதவாறு, இடையிடையே சட்டம் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்குக. வெயிலில் இடுவோர் அவசரத்திற்கு வெடிப்பையே கூலியாகப் பெறுவர். வாரந்தோறும் ஒரே துண்டை நிறுத்துக் குறித்துவருக. நிறை குறையாது நின்றபின்பே செதுக்குக.