பரபக்கமும் ஐரோப்பியர் சமய ஒப்பியலும்

பிற சமயங்களை ஆராய்தல் சைவ சித்தாந்திகளுக்குப் புதியதோர் துறையன்று. மெய்கண்டார் மரபில் வந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக வகுத்துப் பரபக்கத்தை முன்னும் சுபக்கத்தைப் பின்னும் வைத்தார். பிறர் கொள்கையை உள்ளவாறறிந்து அதன் குறைபாடு தெளிந்த பின்னரே தன் கொள்கையின் உறுதி நன்கு புலப்படும் என்பது இவ்வைப்பு முறையின் கருத்தாகும். இங்ஙனமாகவும், சமயங்களை ஒப்பிட்டாராயும் கலை ஐரோப்பாவிலேயே பிறந்தது, நமக்கு அதில் முதலில்லை என்பாரும் உளர். அஃது அயலார் கலை, நமக்கு வேண்டுவதன்று என்பாரும் உளர். இவ்விரு திறத்தார் கூற்றும் பொருந்தாமையைக் காட்டி, இரு முறையினின்றும் நாம் கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும் இவையென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் யான் புகுதற்கு ஏதுவாயதோர் நிகழ்ச்சியை முதற்கண் கூறுதல் வேண்டும். ஏறக்குறைய நாற்பதாண்டுகட்கு முன்னர், ஆசிரியர்பால் சித்தியார் இரு பகுதியும் பாடங்கேட்டு முடித்த இளமைச் செருக்கோடு, ஓரவையில் பௌத்தமத மறுப்பென்னும் பொருள்பற்றிப் பேசினேன். சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வர் கொள்கையையும் நிரலே எடுத்துரைத்து மறுத்தேன். அவையினர் மகிழ்ந்தனர். கூட்டங் கலைந்தபின், இலங்கையினின்றும் வந்திருந்த முதியவரொருவர், பௌத்தர், தமிழும் அறிந்தவர், என்பால் அணுகி, “ஐயா, தாங்கள் கூறிய நால்வருள் எங்கள் நாட்டுப் பௌத்தர் யாவர்?” என்று அமைதியாக வினவினார். யான் விடையறியாது நின்றேன். அவர் புன்முறுவல் செய்து கைகூப்பி விடைகொண்டார்.

இலங்கையில் வழங்குவது தேரவாதம் என்பதையும், அது பாலிமொழித் திரிபிடகத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதையும், அந்நால்வருள் எவரோடும் அஃது ஒன்றாகாதென்பதையும் பின்னரே கற்றறிந்தேன். யான் மறுத்தது ஏட்டிலிருந்த பௌத்தத்தை. என் முன்னே நின்ற பௌத்தரை யான் அறிந்திலேன். பிழை அருணந்தியாரதன்று. அவர் தம் காலத்துத் தருக்க நூல் வழக்கிற் பயின்ற பிரிவுகளையே எடுத்துரைத்தார். அவருக்கு எழுநூறாண்டு பிற்பட்டும் அவ்வளவிலேயே நின்றுவிட்ட எனதே பிழை.

பரபக்கத்தின் சிறப்பு

இனி, பரபக்கத்தின் முறையை நோக்குவாம். உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகள் அந்நூலுள் ஆராயப்படுகின்றன. ஒவ்வொன்றற்கும் முதலில் மதம், பின்னர் அதன் மறுதலை என இரு பகுதி உண்டு. அக்கொள்கையுடையான் தானே வந்து அவைநடுவே நின்று பேசினாற்போல அவன் மதம் கூறப்படும். அதன் பின்னரே விடை தொடங்கும். எதிரியின் கூற்றைக் குறைத்துக் கூறி வெல்வது வெற்றியன்றென்பது இம்முறையால் விளங்கும். இதற்கும் முன்னரே மணிமேகலையின் இருபத்தேழாங் காதை, வஞ்சி நகரத்தே சமயக் கணக்கர் பலர் தத்தம் திறங் கூற மணிமேகலை வினவிக் கேட்டதாக அமைந்துள்ளது. உமாபதி சிவாசாரியார் சகம் 1235இல், அஃதாவது கி.பி. 1313இல், இயற்றிய சங்கற்ப நிராகரணமோ அணுக்கமான கொள்கைகளையும் எடுத்துக்கொண்டு இம்முறையிலேயே ஆராய்கின்றது.

இம்முறையின் நேர்மை பயந்ததோர் பெரும்பயனைக் கேட்பீராக. ஆசீவகர் என்னுஞ் சமயத்தார் இன்று எங்குமிலர். அவர்தம் மூலநூல்களும் மறைந்தொழிந்தன. ஆங்கிலப் பேராசிரியராகிய ஏ. எல். பாஷம் என்பார் அச்சமயத்தின் வரலாற்றையும் கொள்கையையும் ஆராய்ந்து 1951இல் ஒரு நூல் வெளியிட்டபொழுது, மணிமேகலை, நீலகேசி, சித்தியார்ப் பரபக்கம் ஆகிய தமிழ் நூல்கள் அவர்க்கு இன்றியமையாச் சான்றுகளாயின. மறுப்பான் புகுந்த நூலே மறுக்கப்பட்டாரை உலகம் மறவாதபடி காத்தது. குண்டலகேசி முழுநூலாகக் கிடையாதொழிந்தும் அதன் செய்யுட்கள் சில அதனை மறுக்க எழுந்த நீலகேசியின் உரையால் நமக்குக் கிடைத்தமையும் இவ்வகைத்தே. எதிரியின் கூற்றைத் திரித்துரைத்திருப்பரேல் இப்பயன் விளைந்திராது.

எனினும் குறையுமொன்றுண்டு. பரபக்க உரையாளர் ஆசீவகரைச் சமணருள் ஒரு பிரிவினராகக் கொண்டனர்; மணிமேகலையோ ஆசீவகனையும் நிகண்டனையும் வேறுவேறாக நிறுத்துகின்றது. இருவரும் வெவ்வேறு ஆசிரியரைத் தலைவராகக் கொண்ட வெவ்வேறு சமயத்தாரென்பதே வரலாற்றிற் பெறப்படுவது. காலமுறையை நோக்குதலும், ஒரு நூலை மற்றொரு நூலோடு வைத்து ஒத்துப்பார்த்தலும் பரபக்கத்தின் வேலையாக இருந்ததில்லை. இவ்விடத்திலேயே ஐரோப்பியர் முறை நமக்குத் துணையாவது.

ஐரோப்பாவிற் சமய ஒப்பியல்

ஐரோப்பாவில் இக்கலை பல்கலைக்கழகக் கல்வியாகத் தலையெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். செர்மானியராய்ப் பிறந்து ஆக்ஸ்போர்டில் வாழ்ந்த மாக்ஸ் முல்லர் 1870இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1873இல் நூலாயின. மொழிகளை ஒப்பிட்டு மொழிநூல் கண்டாற்போலச் சமயங்களை ஒப்பிட்டுச் சமயநூல் காணலாமென்பது அவர் துணிபு. சுவிட்சர்லாந்தின் செனீவாவில் 1873இலும், ஆலந்தின் லெய்டனில் 1877இலும், பாரிசுப் பிரெஞ்சுக் கல்லூரியில் 1880இலும் இதற்கெனத் தனிப் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டன. 1900இல் சமய வரலாற்றுப் பேரவை முதன்முறையாகப் பாரிசிற் கூடிற்று. செர்மனியிலோ, கிறித்தவ இறையியற் கழகங்களுக்குள் இக்கல்வியைப் புகுத்தலாகாதென அறிஞர் ஹார்நாக் 1901இல் வாதித்தார். தம் சமயத்தையே வரிசையில் ஒன்றாக நிறுத்திக் காண அவரவர்க்குள்ள தயக்கம் எந்நாட்டிற்கும் பொதுவென்பது இதனாற் போதரும்.

மாக்ஸ் முல்லர் பதிப்பித்த ‘கீழ்நாட்டுத் திருநூல் வரிசை’ 1879 முதல் 1910 வரை, சொல்லடைவு ஒன்றுட்பட, 50 தொகுதிகளாக வெளிவந்தது. சங்கரர் பாடியமும் இராமாநுசர் பாடியமும் அவற்றுள் உண்டு. சைன சூத்திரங்களும் பாலி நூல்களும் சீன நூல்களும் திருக்குர்ஆனும் உண்டு. தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை. திருமுறையும் மெய்கண்ட சாத்திரமும் அவ்வரிசையை எட்டிப்பார்த்ததுமில்லை. கிறித்தவர்தம் விவிலியமும் அதனுட் சேர்க்கப்படவில்லை. முன்னது அறியாமையால் விடப்பட்டது. பின்னது, ஏனைய நூல்களோடு சமமாக நிறுத்த மனமொவ்வாமையால் விடப்பட்டது.

சைவம் அவர் நோக்கிற் பட்ட வரலாறு

எனினும், தமிழ்நாட்டுச் சமயத்தை ஐரோப்பியர் ஆராயத் தொடங்கியது மாக்ஸ் முல்லர்க்கு நெடுங்காலம் முன்னரேயாம். காரியாபட்டியினின்றும் ஒரு பகல் நடையில் எய்தத்தகும் மதுரை மாநகருக்கு 1606இல் வந்த இராபர்ட்டு தெ நொபிலி தமிழும் வடமொழியும் பயின்று தமிழ் உரைநடை நூல்கள் எழுதினார். நூறாண்டு கழித்து 1706இல் தரங்கம்பாடியிற் கரையிறங்கிய சீகன்பால்கு, தென்னாட்டுத் தெய்வங்களின் வரலாற்றை ஏட்டுச் சுவடிகளாலும் நேரில் வினவியும் திரட்டி 1713இல் செர்மானிய மொழியில் ஒரு நூல் எழுதி ஹாலே நகருக்கு விடுத்தார். ஆங்கிருந்த அவர் தலைவர் பிராங்கே, புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றார் அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாதெனக் கருதி அச்சிட மறுத்தார். அந்நூல் 150 ஆண்டுகட்குமேல் உறங்கிக் கிடந்து 1867இல் சென்னையில் அச்சேறிற்று.

சித்தாந்த சாத்திரத்தின் பக்கமாக வந்த முதல்வருள் ஒருவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிற் பணிபுரிந்த அமெரிக்கப் பாதிரியாராகிய ஹொய்சிங்டன். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்பவற்றை அவர் ஆங்கிலத்திற் பெயர்த்து 1854இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அதன் பின்னரும் நாற்பதாண்டு கழிந்தே நம்மவர் ஒருவர் முன்வந்தார். அவரே ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை. 1895இல் சிவஞானபோத ஆங்கில மொழிபெயர்ப்பும், 1897 முதல் சித்தாந்த தீபிகை என்னும் மாத இதழும் அவர் முயற்சியால் வெளிவந்தன. 1900இல் ஜி. யூ. போப்பையர் தம் எண்பதாம் அகவையில் திருவாசக மொழிபெயர்ப்பைச் சித்தாந்தக் குறிப்புக்களோடு ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். 1912இல் ஷோமெரஸ் என்னும் செர்மானியப் பாதிரியார் மெய்கண்ட நூல்களைக் கற்றுச் சைவ சித்தாந்தத்தைப்பற்றித் தனிப்பெருநூல் எழுதினார். அவர் பின்னாளிற் பேராசிரியராய் அமர்ந்த இடம் ஹாலேயே. சீகன்பால்கின் ஏட்டை அச்சிடாது மடக்கிய நகரில் சித்தாந்தங் கற்றவர் ஆசிரியராயினார். அவர் செய்த சித்தியார் மொழிபெயர்ப்பு அவர் மறைவிற்குப் பின் 1981இல் அச்சாயிற்று. 1955இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தாரோ சைவாகமச் சுவடிகளைத் திரட்டுதலைத் தம் பெரும்பணிகளுள் ஒன்றாகக் கொண்டனர்.

இருவகை ஏணிகள்

இங்கே ஒரு தடை எழும். நம்மவர் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனச் சமயங்களைப் படிநிலைப்படுத்தித் தம் சமயத்தை உச்சியில் வைத்தனரே, அது நடுவுநிலைமையாகுமோ எனின், கூறுவாம். ஐரோப்பியரும் ஏணியின்றி நிற்கவில்லை. 1871இல் டைலர் என்பார் உயிரிலாப் பொருளிலும் உயிருண்டெனக் கருதுதலே சமயத்தின் முதற்படியென்றும், அதினின்றும் படிப்படியே ஒரு கடவுட் கொள்கை உயர்ந்ததென்றும் நிறுவினார். 1890இல் பிரேசர் மந்திரம், சமயம், அறிவியல் என மூன்று படி காட்டும் நூலின் முதற் பதிப்பை வெளியிட்டார். ஏணி இருவர்க்கும் உண்டு. வேற்றுமை யாதெனின், நம் ஆசிரியர் தாம் நிற்கும் படியை வெளிப்படக் கூறி அதற்குக் காரணமும் காட்டினர். அவர்களிற் பலர், தாம் எப்படியிலும் நில்லாது வெளியே நின்று காண்பார்போலப் பேசினர். நிற்குமிடத்தைச் சொல்லி வழக்குரைப்பானோடு நாம் வாதிடலாம். நிற்குமிடத்தை மறைப்பானோடு வாதிடுதல் அரிது. இக்காலத்து ஐரோப்பிய அறிஞரே இக்குறையை உணர்ந்து அப்படிமுறைக் கொள்கைகளைக் கைவிட்டுவிட்டமையும் இங்கு அறியத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒப்பியலில் வழுக்குமிடம் சொல்லாகும். ஆணவமலத்தைக் கிறித்தவர் கூறும் பிறவிப்பாவத்தோடு ஒன்றாகக் கருதுவார் பலர். ஒற்றுமை இல்லாமலில்லை. இரண்டும் உயிரோடு உடன்வருவன. இரண்டும் உயிர் தன் முயற்சியளவிற் போக்கிக்கொள்ளமாட்டாதன. இரண்டற்கும் மருந்து இறைவன் திருவருளே. ஆயினும், பிறவிப்பாவம் ஆதாம் என்னும் முதன்மகன் கட்டளை மீறிய செயலால் ஒரு காலத்தில் வந்தது. ஆணவமோ செம்பிற் களிம்புபோல அநாதி. ஒருவர் செயலால் வந்ததன்று. பாவம் குற்றம், ஆணவம் உயிரின் அறிவை மறைத்து நிற்பதோர் பொருள். அவர் கொள்கையில் உயிர் இறைவனாற் படைக்கப்பட்டது. நம் கொள்கையில் பதியைப்போலப் பசுவும் பாசமும் அநாதி. இவ்வேர் வேற்றுமையை நோக்காது கிளையொற்றுமையைக் கண்டு சைவமும் கிறித்தவமும் ஒன்றென மகிழ்வாரும், கிறித்தவத்தினின்றும் சைவம் இரவல் கொண்டதெனக் கூறுவாரும் ஒருங்கே பிழைபட்டவராவர்.

அன்றியும், கிறித்தவர் எல்லாரும் இதனை ஒருபடித்தாகக் கொள்வாரல்லர். அகஸ்தீனார் கூறிய விளக்கத்தைக் கீழைத் திருச்சபையார் முழுதும் ஏற்பதில்லை. இசுலாமியரோ ஆதாமின் பிழை வழித்தோன்றல்களைத் தொடருமென்பதையே கொள்ளார். ஆகலின், ‘கிறித்தவர் கொள்கை’ எனப் பொதுப்படக் கூறிப் பேசுவானை நோக்கி ஒரு கீழைத் திருச்சபையார், “ஐயா, தாங்கள் கூறியவருள் நாங்கள் யாவர்?” என்று வினவுவாராயின், அன்று யான் நின்றாற்போலவே அவனும் நிற்கவேண்டிவரும்.

செய்யத்தக்கன

இதுகாறுங் கூறியவற்றால் நால்வகை விதிகள் பெறப்படும். ஒரு சமயத்தைப்பற்றிப் பேசப் புகுவான் அதன் மூலநூலை அறிந்து பேசுதல் வேண்டும். அச்சமயத்தான் கேட்டு ‘ஆம், எம் கொள்கை இதுவே’ என ஒப்புமாறு முதற்கண் எடுத்துரைத்தல் வேண்டும். எக்காலத்து, எப்பிரிவினர் கொள்கையெனப் பகுத்துணர்தல் வேண்டும். தான் நிற்கும் நிலையை மறையாது கூறுதல் வேண்டும். இடையிரண்டனுள் முன்னையது பரபக்கம் கற்பித்தது. பின்னையது ஐரோப்பியர் சிறப்பாகப் பயின்றது. முதலது இருவர்க்கும் பொது. இறுதியது நம் முன்னோர் வழுவாது காத்தது.

திருமடங்களிற் பரபக்கத்தைப் பாடஞ் சொல்லும் வழக்கம் சுருங்கிவருகின்றது. அச்சமயங்கள் இன்றில்லையே, கற்று யாது பயன் என்பார் சிலர். அவ்வினாவுக்கு விடை பரபக்கத்தை விடுதலன்று. அதனோடு இக்காலப் பரபக்கமொன்றைச் சேர்த்துக் கற்பித்தலேயாம். தேரவாதமும், கிறித்தவத்தின் பெரும்பிரிவுகளும், இசுலாமும், கடவுளில்லையென்பார் இற்றைக் கொள்கையும் மதம், மறுதலை என்னும் அப்பழைய முறையிலேயே எழுதப்படுதல் வேண்டும். மதம் கூறும் பகுதியை அவ்வச் சமயத்து அறிஞர்பாற் காட்டி உடன்பாடு பெற்ற பின்னரே மறுதலை எழுதப்படுக. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவசித்தாந்தம், வைணவம், சைனம், கிறித்தவம் என்பவற்றிற்குத் தனித்துறைகள் அருகருகே உள்ளன. ஆண்டுள்ள அறிஞரோடு நம் மடத்து மாணாக்கர் கலந்து கற்றல் அரிதன்று.

மறுதலை வலியுடைத்தாவது மதம் மெய்யாகக் கூறப்பட்டவிடத்தே. அம்முதியவரை யான் மீட்டுங் கண்டிலேன். கண்டிருப்பின், அவர் வினாவுக்கு இன்று விடை கூறியிருப்பேன். அவரை மறுத்தும் இருப்பேன். ஆயின் இம்முறை, யான் மறுப்பது தம் கொள்கையையே என அவர் அறிந்து கேட்டிருப்பார்.

காரியாபட்டி